காரில் யாருக்குத் தெரியப்போகிறது?

"காரில் போகும்போது இதெல்லாம் யாருக்குத் தெரியப்போகிறது, மாமா?" என்று என் மாப்பிள்ளை கேட்டார்.

அவர் நல்ல பிள்ளை. மாமனாரோடு அதிகம் பேசி வம்பை விலைக்கு வாங்காதவர். புதுக் கார் ஒன்று வாங்கி, அதில் எங்களைப் பார்க்க லவ்டேலுக்கு வந்திருந்தார். நானும் வாசலில் இறங்கி, காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதில் சி.டி. எங்கே போடுவது?" என்று கேட்டேன். குதிரைக்குக் கொள்ளு எங்கே கட்டுவது என்று கேட்டிருந்தால் எப்படிச் சிரித்திருப்பாரோ, அப்படிச் சிரித்தார். புதிதாக வருகிற கார்களில் அநேகமாக அந்த வாயே வைப்பதில்லையாம். அதற்குப் பதிலாகச் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு பென் டிரைவை என் உள்ளங்கையில் வைத்து, "இதில் 5,000 பாட்டு இருக்கிறது, மாமா. எல்லாம் எம்.பி.3. உங்கள் ஆயுசுக்கும் போதும்" என்றார்.

எழுபது தாண்டியவனிடம் ஆயுசுக் கணக்குப் பேசுவது அவ்வளவு உசிதமில்லை. இருந்தாலும் பொறுத்துக்கொண்டு, "5,000 இருக்கட்டும், மாப்பிள்ளை. பாட்டு பாட்டாக இருக்கிறதா?" என்று கேட்டேன். அதற்குத்தான் அவர், மேலே நான் எழுதியிருக்கும் கேள்வியைத் திருப்பிக் கேட்டார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில். மாப்பிள்ளையிடம் நேரில் சொல்லக் கூடாததைப் பத்திரிகையில் எழுதிவிடலாம் என்பது எழுத்தாளனுக்கு உள்ள சில்லறைச் சௌகரியங்களில் ஒன்று.

லவ்டேல் என்றதும் நேயர்களுக்கு 1858-ல் ஏற்பட்ட லாரன்ஸ் பள்ளிக்கூடம்தான் ஞாபகத்துக்கு வரும். எங்கள் வீடு அந்தப் பெருமைக்கெல்லாம் சம்பந்தமில்லாமல், கேத்தி பள்ளத்தாக்கைப் பார்த்த சரிவில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் ஏறும் ஈரம் சில வருஷங்களில் டிசம்பர் வரைக்கும் சுவரை விட்டு இறங்காது. அந்த ஈரத்தில் என்னுடைய ஹார்மோனியம் ஒன்று, ரேடியோ ஒன்று, சி.டி. பிளேயர்கள் இரண்டு ஆக நான்கு ஜீவன்கள் மாண்டுபோயின. மிஞ்சியிருப்பது பழைய காரில் உள்ள சி.டி. பிளேயர் ஒன்றுதான். ஆகவே, பல வருஷங்களாக என் சங்கீத சபா அந்தக் கார்தான். சாயங்காலம் நாலு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போய், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சினை அணைத்துவிடுவேன். 1908-ல் உதகமண்டலம் வரைக்கும் நீண்ட அந்த மலை ரயிலில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வந்துவிடப்போகிறது! மற்ற நேரமெல்லாம் அங்கே நிசப்தம்தான். ஒரு தும்பி பறந்தால் கேட்கும்.

காரை மட்டமான இடம் என்று நினைப்பவர்கள் நின்ற காரில் கேட்டுப் பார்த்ததில்லை. மெத்தை இருக்கைகள் எதிரொலியை விழுங்கிக்கொள்கின்றன. ஸ்பீக்கர் காதுக்கு ஒரு முழம், இரண்டு முழ தூரத்தில் இருக்கிறது. முன்வரிசைக்காரர் செல்போனில் பேசுவதில்லை. பின்வரிசைக்காரர் தொடையில் தப்புத் தாளம் போடுவதில்லை. தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து காப்பி குடிக்கப் போகிறவரும் இல்லை. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒலியும், ஒரு பக்கத்து ஸ்பீக்கர் அதிகமாகக் கேட்பதும் குறைதான். அந்தக் குறைகளோடும், நான் பணம் கொடுத்து உட்கார்ந்த எத்தனையோ சபாக்களைவிட அது மேல்.

இப்போது வழக்குக்கு வருகிறேன். வழக்கில் வாதி யார், பிரதிவாதி யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

சி.டி. 1982-ல் கடைக்கு வந்தது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து செய்தது. ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதி வைப்பது அதன் முறை. இடம், வலம் இரண்டுக்கும் சேர்த்தால் விநாடிக்குச் சுமார் 1,411 கிலோபிட் ஆகிறது. இதில் எதையும் வேண்டும், வேண்டாம் என்று பொறுக்குவது கிடையாது. வந்ததை அப்படியே கணக்கெழுதும் குமாஸ்தா அது.

எம்.பி.3 அப்படியல்ல. அது கெட்டிக்காரக் காரியஸ்தன். ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில், டெலிபோன் கம்பி வழியாகச் சங்கீதத்தை அனுப்ப முடியுமா என்று யோசித்தவர்களின் பரம்பரையில் வந்தது. பிராண்டன்பர்க் என்ற எஞ்சினீயரும் அவருடைய கூட்டாளிகளும் அதைச் செய்தார்கள். அப்போதைய டிஜிட்டல் டெலிபோன் கம்பியில் விநாடிக்கு 128 கிலோபிட்தான் போகும். 1,411-ஐ 128-க்குள் அடக்க வேண்டும். பதினொன்றில் ஒரு பங்காக்க வேண்டும். இதற்கு அவர்கள் பிடித்த வழி சாமான்யமானதல்ல. மனிதனுடைய காது எதைக் கேட்கும், எதைக் கேட்காது என்று ஆராய்ந்தார்கள். பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சத்தம் காதில் விழாது. தவில் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் வெற்றிலை மெல்லும் ஓசை கேட்குமா? கேட்காத அதை எதற்காகச் சுமக்க வேண்டும், தூக்கி எறி என்றார்கள். அவர்களுடைய புத்தியை நான் கும்பிடுகிறேன். என் சண்டை அவர்களோடு இல்லை.

ஒரு விசேஷம் சொல்கிறேன். அந்தக் கருவியைப் பழக்கும்போது பிராண்டன்பர்க் எடுத்துக்கொண்ட பாட்டுகளில் ஒன்று, சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் தனிக் குரலில் பாடியது. பெரிய வாத்திய கோஷ்டியெல்லாம் கருவிக்குள் சுலபமாக அடங்கிவிட்டன. ஒற்றைப் பெண் குரல் அடங்கவில்லை, கன்னாபின்னாவென்று கெட்டுப்போயிற்று. கூட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம், தனியாக நிற்பவளிடம் எதைத் திருடினாலும் தெரிந்துவிடும். அந்தக் குரல் சரியாக வரும்வரைக்கும் அவர் திருப்பித் திருப்பித் திருத்தினார். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேண்டியிருக்கும்.

சுருக்குவதே பாவம் என்று சொல்லும் சனாதனியல்ல நான். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் கிராமபோனுக்குப் பாடிய நாளிலிருந்தே நம் சங்கீதம் சுருங்கித்தான் வந்திருக்கிறது. பழைய 78 சுற்றுப் பிளேட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிஷம். ஒரு மணி நேரம் தோடி வாசிக்கிறவர் மூன்று நிமிஷத்தில் தோடியைக் காட்டியாக வேண்டும். காட்டினார்கள், ஐயா! டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் பிளேட்டுகளைக் கேட்டவர்களைக் கேளுங்கள். ஆனால் அங்கே எதை விடுவது, எதை வைப்பது என்று தீர்மானித்தது வித்துவான். அவர் விட்டது அவருக்குத் தெரிந்து விட்டது. இங்கே தீர்மானிப்பது ஒரு சூத்திரம். 64 போதுமா, 128 வேண்டுமா என்று அந்தச் சூத்திரத்துக்குக் கட்டளையிடுவது, பாட்டையே கேளாத ஒரு கடைப் பையன்.

இனி, சோதனை. வெறும் வாய்ப்பந்தல் போட்டால் மாப்பிள்ளை ஒப்புக்கொள்ள மாட்டார். குன்னூரில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். டெலிபோன் இலாகாவில் எஞ்சினீயராக இருந்து ரிடயரானவர். அவருக்கு என் காதின்மேல் எப்போதும் சந்தேகம். "உம்முடைய வயசில் 12,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றும் கேட்காதுங்காணும். 128-ல் அநேகமாக 16,000-க்கு மேல்தான் வெட்டுகிறார்கள். உமக்கு நஷ்டமே இல்லை" என்பார். அவரே ஒரு சி.டி. தயார் செய்தார். தம்புராவும் கடமும் தெளிவாக விழுந்த ஒரு கச்சேரியிலிருந்து இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டார். ஒன்று அசல், ஒன்று 320 கிலோபிட் எம்.பி.3 ஆக்கி மறுபடி விரித்தது; இன்னொன்று 128 ஆக்கி விரித்தது. மூன்றையும் ஒரே தட்டில், எது எது என்று எனக்குத் தெரியாதபடி கலைத்துப் போட்டார். விடையெல்லாம் அவர் சட்டைப் பையில்.

முதலில் ஓடுகிற காரில். லவ்டேலிலிருந்து எல்லநள்ளி, அரவங்காடு, வெல்லிங்டன் வழியாகக் குன்னூர் வரைக்கும் டிரைவர் ஓட்டினார்; நான் பின்னால் உட்கார்ந்து பரீட்சை எழுதினேன். அசலையும் 128-ஐயும் 10 தடவை மாற்றி மாற்றிப் போட்டதில் 6 தடவை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டாலே 5 வரும். சிநேகிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஒப்புக்கொள்கிறேன். ஓடுகிற காருக்குள் 65, 70 டெசிபல் இரைச்சல் சர்வசாதாரணம். அதிலும் மலைப் பாதையில் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும்போது கேட்க வேண்டாம். சி.டி.யின் மகா சூட்சுமமான ஒலிகளெல்லாம் அந்த இரைச்சலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கின்றன. பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை விழுங்கும் என்று ஜெர்மானியர்கள் சொன்னதைத்தான் எஞ்சினும் செய்கிறது. இது போதாதென்று சி.டி.க்கு மலைப் பாதையில் சொந்த வியாதிகளும் உண்டு. குழியில் இறங்கினால் தாவும். மூட்டம் போட்டால் உள்ளே இருக்கும் கண்ணாடியில் ஆவி படிந்து, தட்டையே அடையாளம் தெரியவில்லை என்று வெளியே தள்ளிவிடும். வெயிலில் வைத்த வீட்டுத் தயாரிப்புத் தட்டு நிறம் மங்கிச் செத்துப்போகும். சி.டி.யில் ஏதோ உஷ்ணம் இருக்கிறது, ஆத்மா இருக்கிறது என்றெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர்களின் கட்சியில் என்னைச் சேர்க்க வேண்டாம்.

திரும்பி வந்து, ஸ்டேஷன் பக்கத்தில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்தோம். பரீட்சை இரண்டாம் பாகம். அசலுக்கும் 320-க்கும் வித்தியாசம் சொல்ல முடிகிறதா? 10-க்கு 5. முடியவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். அசலுக்கும் 128-க்கும்? 10-க்கு 9.

சிநேகிதர் விடைத்தாளை இரண்டு தடவை பார்த்தார். "எதை வைத்துச் சொன்னீர்?" என்றார்.

கடத்தை வைத்துச் சொன்னேன். அந்தக் கருவி ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கித்தான் சுருக்குகிறது. ஒரு துண்டின் நடுவில் திடீரென்று ஓர் அடி விழுந்தால், சுருக்கியதால் உண்டாகும் கசடு அந்தத் துண்டு முழுவதும் பரவி, அடிக்கு முன்னாலேயே ஒரு 'ஸ்' என்று தலை காட்டுகிறது. விரல் படுவதற்கு முன்பே கடம் தும்முகிறது! மிருதங்கத்தின் வலந்தலையில் நறுக்கென்று விழ வேண்டிய சொல், ஈரத் துணியால் அடித்ததுபோல் விழுகிறது. தம்புராவோ இன்னும் பரிதாபம். நான்கு தந்திதான், ஆனால் குதிரையில் செருகிய அந்த நூல் இருக்கிறதே, அது ஒவ்வொரு தந்தியிலிருந்தும் எத்தனையோ மேல் ஸ்வரங்களை எழுப்பிக்கொண்டே இருக்கிறது. அவை மெல்லியவை; ஓயாமல் மாறுகிறவை. கருவி அவற்றில் சிலவற்றை ஒரு கணம் வைத்துக்கொள்கிறது, அடுத்த கணம் எறிகிறது, மறுபடி எடுக்கிறது. கேட்கிறவனுக்குத் தம்புரா நீச்சலடிப்பதுபோல் இருக்கிறது. இதற்கெல்லாம் 16,000 ஹெர்ட்ஸ் கேட்கும் பாலகனின் காது வேண்டாம். பழகிய காது போதும்.

ஆகவே, மாப்பிள்ளை சொல்வது ஓடுகிற காருக்கு உண்மை. நல்ல எம்.பி.3-யாக இருந்தால் நின்ற காருக்கும் உண்மை. அப்படியானால் எதற்கு இவ்வளவு கூச்சல் என்பீர்கள்.

சொல்கிறேன். எனக்கு ஓர் அக்கா இருந்தாள். கல்யாணத்துக்கு முன் எட்டு வருஷம் பாட்டுச் சொல்லிக்கொண்டவள். மேடை ஏறியதில்லை; ஏற விடவில்லை என்பதுதான் சரி. வீட்டில் பாடுவாள், நவராத்திரியில் நாலு பேருக்கு முன்னால் பாடுவாள். 2004-ம் வருஷ நவராத்திரிக்கு லவ்டேலுக்கு வந்திருந்தபோது, உறவுக்காரப் பையன் ஒருவன் இரண்டு மைக்கும் ஒரு பதிவுக் கருவியும் கொண்டுவந்து வைத்தான். பிடில் இல்லை, மிருதங்கம் இல்லை. தம்புராவும் அவள் குரலும்தான். இரண்டு மணி நேரம் பாடினாள். அவன் அதை இரண்டு சி.டி.யாகப் போட்டுக் கொடுத்தான். 2009-ல் அக்கா போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த இரண்டு தட்டுகளையும் நான் அதிகம் போட்டுக் கேட்டதில்லை, பத்திரமாக வைத்திருந்தேன்.

2012-ல் அக்காவின் பேரப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதைக் கொடுக்கலாம் என்று எனக்கே ஒரு ஞானோதயம். கீழே ஒரு டவுனில், இந்த மாதிரி மாற்றிக் கொடுக்கும் கடை ஒன்றில் தட்டுகளைக் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். கடைக்காரர் கேட்டார்: "எந்தக் குவாலிட்டியில் போடணும், சார்? சின்னதாப் போட்டா வாட்ஸப்பிலேகூட அனுப்பலாம்." நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"காரில் கேட்கத்தானே? எப்படியாவது போட்டுக் கொடுங்கள்" என்றேன்.

64 கிலோபிட். இருபத்திரண்டில் ஒரு பங்கு. அதுவும் இரண்டு மைக்கையும் ஒன்றாகக் கலந்து. பத்து நாள் கழித்துப் போனபோது பென் டிரைவ் கொடுத்தார்கள். தட்டுகள் வேறு யாருடைய பையிலோ போய்விட்டன. நான் நாலு தடவை மலையிறங்கிப் போய்க் கேட்டேன். பிறகு கடையே இல்லை. பதிவு செய்த பையனைக் கேட்டேன். அமெரிக்கா போகும்போது அந்தக் கம்ப்யூட்டரை விற்றுவிட்டானாம்.

அந்தப் பென் டிரைவை முதல் தடவை காரில் போட்டபோது டிரைவர் பக்கத்தில் இருந்தார். இந்தப் பக்கத்து மனிதர். சங்கீதத்தில் பிரமேயம் உள்ளவர் இல்லை. சினிமாப் பாட்டுக் கேட்பவர். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏனுங்கய்யா, அந்தம்மா தண்ணிக்குள்ள உட்கார்ந்து பாடறாப்பல இருக்குதுங்களே?" என்றார்.

எஞ்சினீயர் சிநேகிதரிடம், "இதை மறுபடி சி.டி. ஆக்கினால் சரியாகிவிடுமா?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும். கடலையைச் செக்கிலிட்டு எண்ணெய் எடுத்தபிறகு, எண்ணெயைப் பிண்ணாக்கில் ஊற்றினால் கடலையாகிவிடுமா? 64-ஐ 1,411 கிலோபிட் தட்டில் எழுதினால், 64-தான் ஏராளமான இடத்தில் கால் நீட்டிப் படுத்திருக்கும். எறிந்தது எறிந்ததுதான். எவ்வளவு எறிந்தார்களோ அவ்வளவும் அக்காவின் குரலிலிருந்து எறிந்தது. ஒற்றைப் பெண் குரலும் தம்புராவும் அந்தக் கருவிக்கு எவ்வளவு கஷ்டமான பரீட்சை என்று முன்னால் சொன்னேன் அல்லவா?

என் ஆட்சேபம் இப்போது விளங்கியிருக்கும். காருக்கு என்று சமைத்த சாப்பாடு காரோடு நிற்பதில்லை. வீட்டுக்கும் அதுவே சாப்பாடாகிவிடுகிறது. காருக்காகச் சுருக்கினார்கள், சுருக்கிய பிறகு அசல் அலமாரியில் இடத்தை அடைக்கிறது என்று எடைக்குப் போட்டார்கள். எத்தனை வீடுகளில் அப்பா வாங்கிய சி.டி.க்களெல்லாம் ஜன்னலில் காக்கை விரட்டத் தொங்குகின்றன! கேட்டால், "எல்லாம் எம்.பி.3-யில் இருக்கிறது" என்கிறார்கள். என்னென்ன இருக்கிறது? கேஸட்டிலிருந்து ஒருவர் எடுத்ததை இன்னொருவர் சுருக்கி, அதை மற்றொருவர் மறுபடி சுருக்கி, மேலே '320' என்று சீட்டு ஒட்டியது இருக்கிறது. தேங்காயைத் துருவி இரண்டாம் பால், மூன்றாம் பால், நாலாம் பால் வரைக்கும் பிழிந்துவிட்டுப் பாத்திரத்தின்மேல் 'முதல் பால்' என்று எழுதினால் ஆகிவிடுமா? அதைப் போனில் ஏற்றி, போனிலிருந்து கம்பியில்லாமல் காருக்கு அனுப்பும்போது, அந்த புளூடூத் வழியில் இன்னொரு தடவை சுருக்கம். சிகரெட் பற்றவைக்கும் துவாரத்தில் செருகி எப்.எம். ரேடியோ வழியாகக் கேட்கும் ஒரு பொம்மையும் உண்டு. அதைப்பற்றி நான் எழுதினால் பத்திராதிபர் அச்சிட மாட்டார்.

சென்னைப் பிளாட்பாரங்களில் 150 பாட்டு அடங்கிய எம்.பி.3 தட்டு விற்ற காலத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. 700 மெகாபைட் தட்டில் சி.டி. முறைப்படி 80 நிமிஷம்; 128-ல் 12 மணி நேரத்துக்கு மேல். ஏழை எளியவர்களுக்கு அது வரப்பிரசாதம். ரேஷன் காலத்தில் கோதுமைச் சோறு சாப்பிட்டதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் பஞ்சம் தீர்ந்து, நெல் களத்தில் மலையாகக் குவிந்தபிறகும் ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டு நிற்பானேன்? மாப்பிள்ளை கொடுத்த அந்தப் பென் டிரைவில் 64 ஜிகாபைட் இடம் இருக்கிறது. விலை சில நூறு ரூபாய். ஒரு சொட்டும் எறியாமல் பாதியாக மடித்து வைக்கும் பிளாக் என்ற முறை 2001-லேயே வந்துவிட்டது. அது வேட்டியை மடித்துப் பெட்டியில் வைப்பது போல; விரித்தால் அதே வேட்டி. எம்.பி.3 வேட்டியைக் கத்தரித்துக் கோவணமாக்கி வைப்பது. பிளாக் முறையில் போட்டால் அந்தப் பொத்தானுக்குள் 150 சி.டி.க்கு மேல் முழுசாக அடங்கும். மாப்பிள்ளையின் புதுக் கார் அதை வாசிக்கவும் வாசிக்கிறது. கையேட்டில் நானே பார்த்தேன். இவ்வளவும் இருக்க, இடமில்லாத காலத்துச் சிக்கனத்தை எதற்காக இன்னும் கட்டி அழ வேண்டும்? 5,000 பாட்டு என்று சொல்லிக்கொள்ளவா? 5,000 பாட்டையும் யார் கேட்கிறார்கள்? அவர் வந்து தங்கிய நாலு நாளும் அதே ஏழு பாட்டுகள்தான் எங்கள் வாசலில் ஓடின.

இன்னொரு குறை. இது சிலருக்கு அற்பமாகப் படும், எனக்கு அப்படியில்லை. ராகம், தானம், பல்லவியைச் சி.டி.யில் மூன்று இலக்கமாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். தம்புரா மட்டும் இடைவிடாமல் ஓடும்; ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நாம் தெரியாமல் போய்விடுவோம். எம்.பி.3 ஆக்கும்போது ஒவ்வொரு துண்டின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்கிறது. நல்ல கருவிகள் அதைக் கழித்துவிடும். கார்களில் இருப்பவை பல கழிப்பதில்லை. ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் தம்புரா விக்குகிறது. அதைவிடக் கொடுமை, கலைத்துப் போடும் அந்தப் பொத்தான். ராகம் பாடி முடித்த வித்துவான் தானத்துக்கு வாயெடுக்கும்போது, குத்துப்பாட்டு ஒன்று வந்து குதிக்கிறது. பந்தியில் சாம்பார் சாதத்துக்கு நடுவே பாயசத்தை ஊற்றுகிறவனை என்ன செய்வீர்கள்? பிடில் யார், மிருதங்கம் யார், எந்த வருஷம், எந்த சபா என்று சி.டி.யோடு ஒரு சின்னப் புத்தகம் வந்துகொண்டிருந்ததே, அது எங்கே? மாப்பிள்ளையின் பென் டிரைவில் ஒரு அருமையான கல்யாணி இருக்கிறது. பாடியவர் பெயர்: 'டிராக் 07'.

இதெல்லாம் கர்நாடக சங்கீதக் கிழவர்களின் தொந்தரவு, சினிமாப் பாட்டுக்கு என்ன கேடு என்றும் கேட்பார்கள். 1978-ல் 'பிரியா' பாட்டுகளை ஸ்டீரியோவில் பதிவு செய்த இளையராஜா, எந்த வாத்தியம் இடது காதில், எது வலது காதில் என்று எதற்காக அவ்வளவு பாடுபட வேண்டும்? குறைந்த கிலோபிட்டில் அந்தக் கருவி முதலில் கை வைப்பது இந்த இடம் வலத்தின்மேல்தான். எங்கள் டிரைவரையே கேளுங்கள். அவருக்குக் கிலோபிட் தெரியாது. ஆனால் தனக்குப் பிடித்த பாட்டில் கிடார் எந்தப் பக்கம் வரும் என்று தெரியும். "யாருக்குத் தெரியப்போகிறது?" என்று கேட்கிறவர்கள், அந்த 'யார்' தங்களுக்குப் பக்கத்து ஸீட்டிலேயே உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறார் என்பதைக் கவனிப்பதில்லை. கலப்பட நெய் விற்கிறவனும் இதே கேள்வியைத்தான் கேட்கிறான். எத்தனை பேருக்குத் தெரியும் என்பது அவனுடைய கணக்கு. பாடுகிறவள் அந்தக் கணக்குப் போட்டிருந்தால், நாலு பேர் மட்டும் உட்கார்ந்திருந்த நவராத்திரிக் கூடத்தில் அவ்வளவு சிரமப்பட்டுச் சுருதி சேர்த்திருக்க வேண்டாம்.

மாப்பிள்ளை ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் அலமாரியைத் திறந்து காட்டினேன். பூஞ்சக்காளான் பிடித்தது போக 38 சி.டி. மிச்சம். "உங்கள் கம்ப்யூட்டரைக் கொண்டுவாருங்கள், மாப்பிள்ளை. எதையும் எறியாத முறையில் இவற்றை எடுத்துக் கொடுங்கள். தட்டுகள் இந்த வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் 11 தட்டுகளை எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் பாடியவர், பக்கவாத்தியம், வருஷம் எல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதினார். பன்னிரண்டாவது தட்டில் கரண்ட் போய்விட்டது. மிச்சத்துக்குத் தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் அலமாரிக்குள் ஒரு 40 வாட் பல்பை எரியவிட்டு வைத்திருக்கிறேன்.